வெப் சர்வர் வேண்டும் என்றால் எது வேண்டும்?

டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. அதில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் பல மாதங்களாக ஒழுங்காக வேலை செய்துவருகிறது. பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு செயலியை அதில் வைக்க நிர்வாகி நினைக்கிறார். பிஎச்பியை நிறுவச் சொல்லி ஒரே வரியில் கட்டளை கொடுக்கிறார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே அவர் கேட்காத ஒரு பெயரும் கடந்துபோகிறது: அப்பாச்சி.

அப்பாச்சியும் ஒரு வெப் சர்வர்தான். அது எதற்காக வந்தது என்று யோசிப்பதற்குள் நிறுவல் முடிந்துவிடுகிறது. ஒரு சேவையை நிறுவினால் உடனே அதை ஓடவிடுவது டெபியனின் வழக்கம். ஆகவே அப்பாச்சி கிளம்பி, வெப் சர்வர்களுக்குரிய 80ஆம் போர்ட்டைப் பிடிக்கப் பார்க்கிறது. அங்கே என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு முகவரியில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் லினக்ஸின் மையமான கெர்னல் பொதுவாகக் கொடுக்கும். ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று பொருள்படும் பிழைச்செய்தியோடு அப்பாச்சி நின்றுபோகிறது. தளம் பழையபடி ஓடுகிறது. நிர்வாகியும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

ஆனால் அப்பாச்சி நின்றுதான் போனது, பட்டியலிலிருந்து நீங்கவில்லை. கணினி தொடங்கும்போது தானாகக் கிளம்ப வேண்டிய சேவைகளில் அதன் பெயரும் இப்போது சேர்ந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து, கெர்னலைப் புதுப்பித்த கையோடு கணினியை அணைத்துப் போடுகிறார்கள். இரண்டு சர்வர்களும் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. யார் முந்துகிறாரோ அவருக்கு 80. அப்பாச்சி முந்திக்கொண்டால், தளத்தைத் திறப்பவர்களுக்கு அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம்தான் தெரியும். சில வாரங்களுக்கு முன்னால் கொடுத்த ஒரு வரிக் கட்டளைதான் இதற்குக் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

இதில் எந்த நிரலும் பழுதாகவில்லை. எல்லாம் எழுதிவைத்தபடியேதான் நடந்தது. எழுதிவைத்ததில்தான் பிரச்சினை.

லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜாக வரும். நிரலின் கோப்புகள், அவற்றை எங்கே வைப்பது என்ற விவரம், நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய சிறு நிரல்கள், இவற்றோடு ஒரு குறிப்புத் தாள் என எல்லாம் சேர்ந்தது பேக்கேஜ். அந்தத் தாளில் உள்ள முக்கியமான வரி, ‘நான் ஓட வேண்டுமானால் இன்னின்னவை வேண்டும்’ என்று சொல்லும் சார்பு வரி. இயான் மர்டாக் 1993இல் டெபியனைத் தொடங்கினார். 2023இல் வந்த அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தன. அவை ஒன்றோடொன்று மோதாமல் சேர்ந்து வாழ்வதற்கு அந்த வரிகள்தான் ஆதாரம்.

சார்பில் மூன்று தரம் உண்டு. இல்லாவிட்டால் ஓடவே முடியாது என்பது முதல் தரம்: கட்டாயச் சார்பு. வழக்கமாக எல்லோரும் சேர்த்தே வைத்துக்கொள்வார்கள், வேண்டாம் என்பவர் விட்டுவிடலாம் என்பது இரண்டாவது: பரிந்துரை. இருந்தால் நல்லது என்பது மூன்றாவது: யோசனை. 2009இல் வந்த டெபியன் 5.0 முதல், பரிந்துரைகளையும் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவி கேட்காமலே சேர்த்து நிறுவுகிறது. வேண்டாம் என்பவர் சொன்னால் விட்டுவிடுகிறது. இந்தச் சின்ன மாற்றம் நம் கதையில் பெரிய இடம் பிடிக்கப்போகிறது.

சார்பு வரியில் ‘இது அல்லது அது’ என்றும் எழுதலாம். டெபியன் 12இல் பிஎச்பி 8.2 பேக்கேஜின் சார்பு வரி அப்படித்தான் இருக்கிறது: அப்பாச்சிக்குள் பொருந்தும் பிஎச்பி மாட்யூல், அல்லது பிஎச்பியைத் தனி நிரலாக ஓட்டும் எஃப்பிஎம், அல்லது பின்னால் பார்க்கவிருக்கும் சிஜிஐ. மூன்றில் எதுவும் கணினியில் இல்லையென்றால் ஆப்ட் முதலில் எழுதியதை எடுத்துக்கொள்ளும். அந்த மாட்யூலுக்கு அப்பாச்சி வேண்டும், ஆகவே அப்பாச்சியும் வரும். ‘இந்தக் கணினியில் என்ஜின்எக்ஸ் இருக்கிறதே, இதற்கு எஃப்பிஎம்தானே பொருத்தம்’ என்று ஒரு மனிதர் யோசிப்பார். அந்த வரிக்கு யோசிக்கத் தெரியாது. எஃப்பிஎம் பேக்கேஜின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அப்பாச்சி வந்திருக்காது. அது தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு நாள் போய்விடும்.

இதைவிட ஆழமான சிக்கல் இன்னொன்று இருக்கிறது. செயலியின் பேக்கேஜ் ‘எனக்கு ஏதாவது ஒரு வெப் சர்வர் போதும்’ என்று சொல்லலாம் என்று டெபியன் ஒரு வசதி செய்துவைத்தது. அதற்கான பொதுப்பெயர் எச்டிடிபிடி. அந்தப் பெயரில் உண்மையில் எந்தக் கோப்பும் கிடையாது. அது ஒரு மெய்நிகர் பேக்கேஜ். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், லைட்டிபிடி ஆகியவை ஒவ்வொன்றும் தன் குறிப்புத் தாளில் ‘எச்டிடிபிடி என்பது நான்தான்’ என்று எழுதிக்கொள்ளும். செயலி அந்தப் பொதுப்பெயரைக் கேட்கும். எது இருந்தாலும் கணக்கு நேராகிவிடும். பார்க்க மிக நேர்த்தியான ஏற்பாடு.

இதே ஏற்பாடு மின்னஞ்சலில் அருமையாக வேலை செய்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்களுக்கும் டெபியனில் ஒரு பொதுப்பெயர் உண்டு. எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டும் அதற்குள் வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் எந்தச் சர்வரும், சென்ட்மெயில் என்ற பெயரில் ஒரு நிரலைக் குறிப்பிட்ட கோப்புறையில் வைத்தாக வேண்டும். கடிதத்தை அதன் கையில் கொடுத்தால் அது அனுப்பிவிடும். உள்ளே எக்ஸிம் இருக்கிறதா, போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கிறதா என்று செயலி கவலைப்பட வேண்டியதே இல்லை.

எச்டிடிபிடி என்ற பெயருக்குப் பின்னால் அப்படி என்ன ஒப்பந்தம் இருக்கிறது? எச்டிடிபி நெறிமுறையில் பிரவுசருக்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். பிஎச்பி ஓட்டுமா? தெரியாது. பைத்தான் ஓட்டுமா? தெரியாது. செயலியின் கோப்புறையை எந்த முகவரியில் காட்ட வேண்டும் என்று அதற்கு எப்படிச் சொல்வது? அதுவும் தெரியாது. ஒரு கோப்புறையில் கிடக்கும் கோப்புகளை அப்படியே எடுத்துக் காட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு குட்டிச் சர்வர் இருந்தாலும் ‘வெப் சர்வர் வேண்டும்’ என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டதாகவே ஆப்ட் எடுத்துக்கொள்ளும். செயலியோ ஓடாது.

ஒரு காலத்தில் உண்மையான ஒப்பந்தமும் இருந்தது. 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சிஜிஐ அது. பயனர் கேட்ட முகவரியையும் மற்ற விவரங்களையும் சூழல் மாறிகளில் போட்டு, சர்வர் ஒரு நிரலைக் கிளப்பும். அந்த நிரல் அச்சிடுவதைப் பிரவுசருக்கு அனுப்பும். எந்த மொழியானாலும் எந்தச் சர்வரானாலும் விதி இதுதான். சிஜிஐ தெரிந்த சர்வர்களுக்கு டெபியன் தனியாக ஒரு மெய்நிகர் பெயரும், நிரல்களைப் போட்டுவைக்க ஒரு பொதுக் கோப்புறையும் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது நிரலைக் கிளப்புவது மெதுவான காரியம். வேகம் தேடி ஒவ்வொருவரும் ஒரு வழியில் போனார்கள். அப்பாச்சிக்காரர்கள் மொழியையே சர்வருக்குள் மாட்யூலாகப் பொருத்தினார்கள். வேறு சிலர் ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக, எப்போதும் விழித்திருக்கும் ஒரு தனி நிரலோடு பேசினார்கள். பைத்தான் உலகம் 2003இல் டபிள்யூஎஸ்ஜிஐ என்ற தன் சொந்த ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டது. 2004இல் பொதுவெளிக்கு வந்த என்ஜின்எக்ஸுக்குப் பழைய சிஜிஐயை நேராக ஓட்டத் தெரியவே தெரியாது. வேகம் கிடைத்தது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரே விதி கையைவிட்டுப் போயிற்று.

இரண்டு சர்வர்களின் அமைப்புக் கோப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிளவு கண்ணுக்கே தெரியும். செயலியின் கோப்புகள் கணினியின் பொது மென்பொருள் கோப்புறையில் இருக்கின்றன. தளத்தின் முகவரிக்குப் பின்னால் ‘/விக்கி’ என்று தட்டினால் அவை தெரிய வேண்டும். அப்பாச்சியில் இதற்கு ‘ஏலியஸ்’ என்று ஒரு வரி போதும். அந்த வரியை எந்தத் தளத்துக்கும் உட்படாமல் பொது அளவில் எழுதலாம், அங்குள்ள எல்லாத் தளங்களுக்கும் அது செல்லும். ஆகவே பேக்கேஜ் தன் சின்னக் கோப்பைக் குறிப்பிட்ட கோப்புறையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. என்ஜின்எக்ஸில் இதற்கு ‘லொகேஷன்’ என்ற பகுதி வேண்டும். அதை ஒரு தளத்துக்குரிய ‘சர்வர்’ பகுதிக்குள்தான் எழுத முடியும். அந்தக் கணினியில் எத்தனை தளங்கள் இருக்கின்றன, எதற்குள் நுழைய வேண்டும் என்பது பேக்கேஜ் செய்தவருக்கு எப்படித் தெரியும்? நிர்வாகி கையால் எழுதிய கோப்பைத் திறந்து நடுவே வரிகளைச் செருகுவது பேக்கேஜ் செய்யக்கூடாத காரியம். அதனால்தான் அப்பாச்சியில் நிறுவியவுடன் வேலை செய்யும் செயலி, என்ஜின்எக்ஸில் நிறுவிய பிறகும் பேசாமல் கிடக்கிறது.

பேசாமல் கிடப்பதாவது பரவாயில்லை. திறந்து கிடப்பதுதான் ஆபத்து. டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் டேட்டாபேஸ் இல்லாமல், பக்கங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே வைத்துக்கொள்கிறது. பயனர்களின் பெயர்ப் பட்டியலும் ஒரு கோப்புதான். அந்தக் கோப்புறைகளை வெளியார் திறக்காதபடி அது தன்னோடு ஒரு ‘ஹெச்டிஆக்சஸ்’ கோப்பைக் கொண்டுவருகிறது. கோப்புறைக்குள்ளேயே வைக்கும் தடை உத்தரவு அது. என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. அப்பாச்சியும் எப்போதும் படிப்பதில்லை. 2.4 பதிப்பில், நிர்வாகி வெளிப்படையாக அனுமதித்தால்தான் படிக்கும். ஆகவே ‘ஏதாவது ஒரு சர்வர் போதும்’ என்று சொல்லும் பேக்கேஜ், தன் பூட்டு எந்தச் சர்வரில் பூட்டும், எதில் பூட்டாது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். தரவைத் தளத்தின் வேர்க் கோப்புறைக்குள் வைக்காமல் வேறிடத்தில் வைத்துவிட்டால் இந்தப் பயமே இல்லை. வெப் செயலிகள் அந்த வேர்க் கோப்புறைக்குள் கோப்புகளைப் போடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று டெபியனின் கொள்கை ஏடு சொல்கிறது. கோப்புறை ஒழுங்கு பற்றிய சாதாரண விதிபோலத் தெரிந்தாலும், பல செயலிகளைக் காப்பாற்றுவது அதுதான்.

அப்படியானால் பேக்கேஜ் செய்பவர் சார்பு வரியில் என்ன எழுத வேண்டும்?

கட்டாயச் சார்பு என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. வெப் சர்வர் இல்லாமல் வெப் செயலி ஓடாதுதானே, கட்டாயம் என்று எழுதினால் என்ன என்று கேட்கலாம். சர்வர் அதே கணினியில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அது பக்கத்துக் கணினியில் இருக்கலாம். நிர்வாகி மூல நிரலிலிருந்து தானே கட்டியதாக இருக்கலாம், அப்போது ஆப்ட்டின் ஏட்டில் அதற்குப் பெயரே இருக்காது. அப்படிப்பட்டவர்கள் ஈக்விவ்ஸ் என்ற கருவியை வைத்து, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு போலிப் பேக்கேஜைச் செய்து ‘எச்டிடிபிடி இருக்கிறது’ என்று ஆப்ட்டை நம்பவைக்க வேண்டியிருக்கிறது. தன் கணினியிடமே ஒருவர் பொய் சொல்ல வேண்டியிருந்தால், கேட்ட கேள்வியே தவறு.

இன்னொரு விளைவும் உண்டு. ஒரே சர்வர் இருக்கும் கணினியில் அதை நீக்கச் சொன்னால், அதைக் கட்டாயமாகச் சார்ந்திருக்கும் செயலிகளையும் சேர்த்து நீக்க ஆப்ட் முன்வரக்கூடும். சர்வரை மாற்ற நினைத்தவர், அந்த நீண்ட பட்டியலைப் படிக்காமல் ‘சரி’ என்று தட்டினால் செயலியும் போய்விடும். பரிந்துரை என்று எழுதியிருந்தால் இந்த நெருக்கடி இல்லை. புதிதாக வருபவருக்கு 2009 முதல் பரிந்துரையும் தானாகவே வந்துவிடுகிறது, ஆகவே அவருக்கும் இழப்பில்லை. ‘அப்பாச்சி அல்லது எச்டிடிபிடி’ என்று வரிசைப்படுத்தி, பரிந்துரையாக எழுதுவதே என் கணிப்பில் நேர்மையான வரி.

ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் இதே முடிச்சை வேறு முனையில் அவிழ்த்தார்கள். செயலியின் அமைப்புக் கோப்பைப் போடுவதற்குச் சர்வரின் கோப்புறை இருந்தால் போதும், சர்வரே வேண்டியதில்லை அல்லவா? அப்பாச்சிக்கும் என்ஜின்எக்ஸுக்கும் அந்தக் கோப்புறைகளை மட்டும் தரும் சிறு பேக்கேஜ்களை அவர்கள் தனியாகப் பிரித்துவைத்தார்கள். செயலி இரண்டுக்கும் தன் கோப்பைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். எந்தச் சர்வர் வருகிறதோ அது தனக்குரியதைப் படித்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

டெபியன் சில இடங்களில் நிர்வாகியிடமே கேட்டுவிடுகிறது. டேட்டாபேஸைப் பிரவுசர் வழியாகக் கையாள 1998இல் தொடங்கிய பிஎச்பிமைஅட்மின் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். நிறுவும்போது நீலத் திரை ஒன்று வந்து, எந்தச் சர்வரைத் தானாக அமைக்கட்டும் என்று கேட்கும். பட்டியலில் அப்பாச்சி, லைட்டிபிடி என்ற இரண்டு பெயர்கள். முதல் பெயர்மேல் நிறம் விழுந்திருக்கும். தேர்வாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஸ்பேஸ் விசையை அழுத்தி, அடைப்புக்குறிக்குள் நட்சத்திரம் விழுந்தால்தான் தேர்வு. அதைச் செய்யாமல் என்டரைத் தட்டியவர்கள், செயலியைத் திறந்தால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறதே என்று தவித்திருக்கிறார்கள். என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர் இரண்டையும் தொடாமல் வெளியேறி, தன் அமைப்பைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். கேட்டது சரி. கேட்ட விதம்தான் மனிதர்களுக்குப் பிடிபடவில்லை.

ஒரு முறை கேட்டதோடு இது முடிவதுமில்லை, ஏனென்றால் சர்வர்களும் மாறுகின்றன. 2015 ஏப்ரலில் வந்த டெபியன் 8இல் அப்பாச்சி 2.2 போய் 2.4 வந்தது. செயலிகள் தம் அமைப்புக் கோப்புகளைப் போட்டுவந்த பழைய கோப்புறையை அது பார்ப்பதை நிறுத்திவிட்டது. யாரை அனுமதிப்பது, யாரைத் தடுப்பது என்று எழுதும் இலக்கணமும் மாறியது. அப்பாச்சிக்கென்று கோப்பு கொண்டுவந்த ஒவ்வொரு பேக்கேஜையும் திருத்த வேண்டியிருந்தது.

அந்த மாற்றத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. செயலிகளின் நிறுவல் நிரல்கள் அப்பாச்சியை நேராகத் தொடாமல், அப்பாச்சியோடு வரும் ஓர் உதவி நிரல் வழியாகப் பேசும் வழக்கம் வந்தது. அந்த உதவி நிரல் இல்லையென்றால் அப்பாச்சி இல்லை என்று பொருள், சத்தமில்லாமல் விலகிவிடலாம். இருந்தால், ஒரு செயலியின் அமைப்பை இயக்கியவர் யார் என்பதும் பதிவாகும். நிர்வாகி இயக்கினாரா, பேக்கேஜ் இயக்கியதா, நிர்வாகி நிறுத்தினாரா, பேக்கேஜ் நிறுத்தியதா என்று நான்கு தனிக் கோப்புறைகள் அதற்கு உண்டு. நிர்வாகி ஒரு செயலியை நிறுத்திவைத்திருந்தால், அடுத்த புதுப்பிப்பில் பேக்கேஜ் அதை மறுபடி இயக்காது. மனிதரின் முடிவைக் கணினி நினைவில் வைத்து மதிக்கும் இந்தப் பொறியியல், வெளியே யாருக்கும் தெரியாத நுட்பம். ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

என்ஜின்எக்ஸ் பக்கம் இப்படி ஒரு கணக்கேடு இல்லை. அங்கே எல்லாம் நிர்வாகி எழுதுவதுதான். அதன் விலை புதுப்பிப்பின்போது தெரியும். எஃப்பிஎம், சாக்கெட் என்ற ஒரு கோப்பின் வழியாக என்ஜின்எக்ஸோடு பேசுகிறது. அந்தக் கோப்பின் பெயரில் பிஎச்பியின் பதிப்பு எண்ணும் சேர்ந்திருக்கும். டெபியன் 11இல் அது 7.4. டெபியன் 12க்கு மாறினால் 8.2. என்ஜின்எக்ஸின் அமைப்பில் பழைய எண்ணே இருந்தால், பழைய எஃப்பிஎம் நீங்கிய நிமிடத்திலிருந்து தளம் 502 பிழையைக் காட்டும். ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் சரியாகிவிடும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று எந்தச் சார்பு வரியிலும் எழுதியிருக்காது.

இத்தனை தலைவலியும் வேண்டாம் என்று சர்வரையே உள்ளே வைத்துக்கொண்ட செயலிகளும் உண்டு. கோ மொழியில் எழுதிய கிராஃபானா தானே எச்டிடிபி பேசும், 3000ஆம் போர்ட்டில் நிற்கும். 1024க்கு மேற்பட்ட போர்ட் என்பதால் சிறப்பு உரிமையும் தேவையில்லை. கல்யாண மண்டபத்து அடுப்பை நம்பாமல், தன் அடுப்பையும் சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் சமையல் குழுவைப்போல. 80, 443 ஆகிய போர்ட்களில் நிற்பதும், சான்றிதழ்களைக் கையாள்வதும் முன்னால் நிற்கும் சர்வரின் வேலை. அது பெற்ற கோரிக்கையை 3000க்குத் தள்ளிவிட்டால் போதும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம் மறுபடியும் எச்டிடிபியாகவே ஆகிவிடுகிறது, ஆகவே எந்தச் சர்வரும் பொருந்தும்.

செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே கன்டெய்னரில் அடைத்துத் தரும் டாக்கர் 2013இல் வந்தபோது, பிஎச்பி செயலிகளுக்கும் இந்த வசதி கிடைத்தது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி வலையமைப்பு, அதற்குள் தனி 80ஆம் போர்ட். உள்ளே பத்து அப்பாச்சிகள் ஓடினாலும் மோதாது. சார்புச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். ஆனால் பிஎச்பி செயலியான வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒன்று அப்பாச்சியோடு வருகிறது, இன்னொன்று எஃப்பிஎம்மோடு மட்டும் வருகிறது. முதலாவதை எடுத்தால் சர்வரும் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவதை எடுத்தால் அதற்கு எச்டிடிபி பேசத் தெரியாது, வெளியே ஓர் என்ஜின்எக்ஸ் வேண்டும். எஃப்பிஎம் பிஎச்பியை மட்டுமே ஓட்டும் என்பதால், படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் அந்த என்ஜின்எக்ஸ்தான் எடுத்துத் தர வேண்டும். அதற்கு வேர்ட்பிரஸின் கோப்புறை இரண்டு கன்டெய்னர்களுக்கும் ஒரே இடத்தில் தெரியும்படி பகிர்ந்துவைக்க வேண்டும். பகிர மறந்தால் கட்டுரைகள் வரும், நிறமும் படமும் இல்லாத வெறும் எழுத்தாக வரும். அந்தப் பகிர்வை அமைப்புக் கோப்பில் எழுதுவது இன்றும் நிர்வாகியின் கைவேலைதான்.